மகள் சாஃப்ட்பால் ஆடப் போகிறாளா? கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பெற்றோருக்கு விதிகளின் முழு வழிகாட்டி

அமெரிக்காவில் குளிர்காலம் முடியும் முன்பே ஊர் லீக்குகளில் சாஃப்ட்பால் பதிவு தொடங்கிவிடும். தோழி சேர்ந்துவிட்டாள் என்பதற்காக நம் வீட்டு ஏழு வயதும் சேரும். முதல் ஆட்டத்தன்று நாம் மடக்கு நாற்காலியோடு போய் உட்காருவோம். பத்து நிமிடத்தில் குழப்பம் வந்துவிடும். நன்றாகத்தானே அடித்தாள், ஏன் திரும்பக் கூப்பிடுகிறார்கள்? அந்தப் பிள்ளையை யாருமே தொடவில்லை, எப்படி அவுட்?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டம் பாதி எளிது, பாதி கடினம். பந்தைப் பார்த்து அடிப்பது, கேட்ச், ரன் எல்லாம் பழகியவை. ஆனால் சில கிரிக்கெட் பழக்கங்களை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். அதோடு, டிவியில் கல்லூரிப் பெண்கள் ஆடும் சாஃப்ட்பாலும் உங்கள் மகள் ஆடுவதும் ஒரே விதிகளில் நடப்பதில்லை. சின்னப் பிள்ளைகளுக்காகப் பாதி விதிகளை எடுத்துவிட்டு, டிவியில் காணாத சில விதிகளைச் சேர்த்திருப்பார்கள். அதனால் எந்த வயதுப் பிரிவு என்பதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

முதல் வேலை: எந்தப் பிரிவு என்று பாருங்கள்

8யூ, 10யூ, 12யூ என்று எழுதியிருப்பார்கள். அந்த வயதும் அதற்குக் கீழும் என்று பொருள். வயதைக் கணக்கிடும் தேதி அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். பதிவுப் படிவத்தில் இருக்கும், அதையே நம்புங்கள்.

மிகச் சிறியவர்களுக்கு டீ பால். பிள்ளைகளின் ஆட்டங்களை நடத்தும் பெரிய அமைப்பான லிட்டில் லீக்கில் இது 4 முதல் 7 வயது வரை. யாரும் பந்து வீச மாட்டார்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு ரப்பர் தண்டு, அதன் தலையில் பந்து. பிள்ளை நின்று அடிப்பாள். பெரும்பாலும் ரன் கணக்கே கிடையாது. வரிசையில் உள்ள எல்லாரும் ஒரு முறை அடித்துவிட்டால் அணிகள் இடம் மாறிக்கொள்ளும்.

அடுத்தது கோச் பிட்ச் அல்லது மெஷின் பிட்ச். சொந்த அணியின் கோச்சே மெதுவாகப் பந்து போட்டுக் கொடுப்பார், அல்லது ஒரு இயந்திரம் வீசும். 8யூ ஆட்டங்கள் பல இப்படித்தான் நடக்கின்றன. அதற்கும் மேலே பிள்ளைகளே வீசும் கிட் பிட்ச். வீசுவது எந்த வயதிலும் கையைத் தாழ்த்தித்தான். தோளுக்கு மேலிருந்து வீச அனுமதியில்லை.

தேசிய அமைப்புகளின் விதிப்புத்தகம் ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு ஊர் லீக்கும் தனக்கென ஒன்றிரண்டு பக்கங்களில் உள்ளூர் விதிகள் வைத்திருக்கும். மைதானத்தில் சண்டை வரும்போது செல்லுபடியாவது அந்தத் தாள்தான். கோச்சிடம் கேட்டு வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைதானமும் பந்தும்

நான்கு மூலைகள் கொண்ட சதுரம். ஒரு மூலையில் ஹோம் பிளேட். அங்கிருந்து வலப்பக்கம் ஃபர்ஸ்ட் பேஸ், அப்புறம் செகண்ட், தேர்ட், திரும்ப ஹோம். நான்கையும் வரிசையாகத் தொட்டால் ஒரு ரன். பேஸுக்குப் பேஸ் வழக்கமாக 60 அடி. கிரிக்கெட்டில் ஒரு ரன்னுக்கு ஓடும் 58 அடிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்த ஓட்டம் நான்கு முறை சேர்ந்தால்தான் இங்கே ஒரு ரன்.

வீசும் தூரம் 10யூவில் 35 அடி, 12யூவில் 40, அதற்கு மேல் 43. பந்தின் சுற்றளவு 10யூ வரை 11 அங்குலம், 12யூவிலிருந்து 12 அங்குலம். கிரிக்கெட் பந்து ஏறக்குறைய 9 அங்குலம் என்பதால் கையில் எடுத்ததும் பெரிதாகத் தெரியும். 8யூ, டீ பாலுக்கு உள்ளே மெத்தென்று இருக்கும் வகை உண்டு. வீட்டில் பழக வாங்கும்போது அளவோடு இதையும் கேளுங்கள்; பெரிய பிள்ளைகளின் கெட்டிப் பந்தில் முதல் அடி முகத்தில் பட்டால், அடுத்த வாரம் பந்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பல மைதானங்களில் ஃபர்ஸ்ட் பேஸ் மட்டும் இரட்டையாக இருக்கும்: வெள்ளை ஒன்று, அதை ஒட்டிக் கோட்டுக்கு வெளியே ஆரஞ்சு ஒன்று. அடித்துவிட்டு ஓடி வருபவள் ஆரஞ்சை மிதிக்க வேண்டும். பந்துக்குக் காத்திருப்பவள் வெள்ளையை. இருவரும் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான். ஃபர்ஸ்டைத் தாண்டி நேராக ஓடிவிட்டாலும் ஒன்றும் ஆகாது, திரும்பி வந்துவிடலாம். செகண்டை நோக்கித் திரும்பி ஓட முயன்றால்தான் ஆபத்து. செகண்டிலும் தேர்டிலும் இந்தச் சலுகை இல்லை. பேஸைத் தாண்டி ஓரடி போனாலும் பந்தோடு தொட்டு அவுட்டாக்கலாம்.

ஒரு இன்னிங்ஸ்

மூன்று அவுட் விழுந்தால் பாதி இன்னிங்ஸ் முடிந்தது. அணிகள் மாறிக்கொள்ளும். லிட்டில் லீக்கில் 12 வயது வரை முழு ஆட்டம் 6 இன்னிங்ஸ். ஆனால் சின்னப் பிள்ளைகளின் லீக்குகளில் நேரக் கெடு வைத்திருப்பார்கள், பல ஆட்டங்கள் 3, 4 இன்னிங்ஸிலேயே முடிந்துவிடும். டீ பாலுக்கு 4 போதும் என்பது லிட்டில் லீக்கின் பரிந்துரை.

மூன்று அவுட் விழாமலே பிள்ளைகள் திடீரென்று இடம் மாறினால் பயப்பட வேண்டாம். லிட்டில் லீக்கின் மைனர் பிரிவில் (மேஜர் பிரிவுக்குக் கீழே உள்ள, சின்னவர்களின் பிரிவு) பாதி இன்னிங்ஸுக்கு 5 ரன் உச்சவரம்பு. 8யூவிலும் இதே போன்ற விதி பரவலாக உண்டு. ஒரு அணி அரை மணி நேரம் அடித்துக்கொண்டே இருக்க, எதிரணிப் பிள்ளைகள் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. பெரியவர்கள் வகுத்த விதிகளில் இதைவிட நல்லது இல்லை என்பேன்.

ஃபீல்டிங்கில் 9 பேர் என்பது கணக்கு. 8யூவில் 10 பேரை நிறுத்துவார்கள். டீ பாலில் இருப்பவர்கள் எல்லாருமே கூட நிற்கலாம். லிட்டில் லீக்கில் இன்னொரு கட்டாயமும் உண்டு: ஆட்டத்துக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஒரு முறையாவது மட்டை பிடிக்க வேண்டும், தொடர்ந்து 6 அவுட்டுகளுக்கு ஃபீல்டிங்கில் நிற்க வேண்டும். மகளை கோச் உட்காரவே வைத்திருக்கிறார் என்று தோன்றினால் முதலில் இந்த எண்ணிக்கையைப் பாருங்கள்.

மட்டையோடு நிற்கும்போது

அக்குளுக்கும் முழங்காலுக்கும் இடையே, ஹோம் பிளேட்டுக்கு மேலே வரும் பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். எங்கே வந்தாலும் சரி, மட்டையை வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்றானால் அவுட். அந்த அக்குள்-முழங்கால் எல்லைக்கு வெளியே வந்து, அடிக்காமல் விட்டது பால். நான்கானால் ஓட்டமின்றி ஃபர்ஸ்ட் பேஸ் கிடைக்கும். அதற்கு வாக் என்று பெயர்.

கோச் பிட்ச்சில் வாக் கிடையாது. ஐந்தோ ஆறோ பந்து என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதற்குள் அடிக்க வேண்டும். கடைசிப் பந்து ஃபௌல் ஆனால் (அடித்தது கோட்டுக்கு வெளியே போனால்) இன்னொரு பந்து தருவது வழக்கம். கோச் போட்ட பந்து பிள்ளையின் உடம்பில் பட்டாலும் பேஸ் தர மாட்டார்கள்.

கிரிக்கெட் வீட்டுப் பிள்ளைகளிடம் இரண்டு பழக்கங்களை அடிக்கடி பார்க்கலாம். ஒன்று, அடித்துவிட்டு பந்து எங்கே போகிறது என்று நின்று பார்ப்பது. இங்கே “ரன் வேண்டாம்” என்று மறுக்க முடியாது. பந்து ஃபேராக, அதாவது கோடுகளுக்கு உள்ளே போனால் ஓடியே ஆக வேண்டும். இன்னொன்று, மட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடுவது, அல்லது ஓடும் வேகத்தில் பின்னால் வீசுவது. பின்னால் கேட்ச்சரும் (நம் விக்கெட் கீப்பர் போல) அம்பயரும் இருக்கிறார்கள். மட்டை பறந்தால் முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை அவுட் என்று பல லீக்குகள் எழுதி வைத்திருக்கின்றன. வீட்டுப் பின்கட்டில் பழக்கும்போதே, அடித்ததும் மட்டையைக் காலடியில் போட்டுவிட்டு ஓடச் சொல்லுங்கள்.

ஃபேரும் ஃபௌலும்

ஹோமிலிருந்து ஃபர்ஸ்ட் வழியாக ஒரு கோடு, தேர்ட் வழியாக ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஃபேர். கோடும் ஃபேர்தான். வெளியே போனால் ஃபௌல். லேட் கட், லெக் கிளான்ஸ் எல்லாம் இங்கே வீண். பின்னால் போனதற்கு ரன் இல்லை.

தரையில் உருண்டு போகும் பந்துதான் குழப்பும். ஃபர்ஸ்டுக்கோ தேர்டுக்கோ முன்னால் கோட்டைத் தாண்டி வெளியே போய், தானாகவே திரும்பி உள்ளே வந்து நின்றால் ஃபேர். உள்ளேயே உருண்டு வந்து, பேஸுக்கு முன் வெளியே போய் நின்றால் ஃபௌல். பேஸைக் கடக்கும்போது உள்ளே இருந்துவிட்டால், அப்புறம் எங்கே போனாலும் ஃபேர். அம்பயர் வாய் திறக்கும்வரை பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

ஃபௌல் ஆனால் முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை ஸ்ட்ரைக்காகக் கணக்கில் ஏறும். இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு எத்தனை ஃபௌல் அடித்தாலும் அவுட் இல்லை. பன்ட் செய்யப்போய் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) ஃபௌல் ஆனால் மட்டும் அவுட். ஆனால் உயரே போன ஃபௌல் பந்தைத் தரையில் படும் முன் பிடித்துவிட்டால் அவுட்தான். தெருவில் ஆடிய ஒன் பிட்ச் கேட்ச் இங்கே செல்லாது.

முடிச்சு இங்கேதான்: பேஸை மிதிப்பதா, ஆளைத் தொடுவதா?

ஒரு பேஸில் ஒருவர்தான் நிற்க முடியும் என்பதிலிருந்து எல்லாமே வருகிறது. அடித்தவள் ஃபர்ஸ்டுக்கு ஓடியே ஆக வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒருத்தி நின்றால் அவள் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். செகண்டுக்கு ஓடுவது அவளுக்குக் கட்டாயம். செகண்டிலும் ஆள் இருந்தால் அவளும் தேர்டுக்குக் கிளம்ப வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து தள்ளப்பட்டு ஓடுகிறவளை அவுட்டாக்க அவளைத் தொட வேண்டியதில்லை. அவள் போய்ச் சேர வேண்டிய பேஸைப் பந்தோடு முதலில் மிதித்தால் போதும். இதுதான் ஃபோர்ஸ் அவுட்.

பின்னால் யாரும் தள்ளவில்லை, தானாக விரும்பி ஓடுகிறாள் என்றால், பந்து இருக்கும் கையாலோ கிளவ்வாலோ அவளைத் தொட வேண்டும். இது டேக். ஃபீல்டர் பேஸை மிதித்துக்கொண்டு நின்றால் ஒன்றும் நடக்காது.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அவுட் விழுந்தாயிற்று. ஃபர்ஸ்டிலும் தேர்டிலும் ஆள் இருக்கிறது, செகண்ட் காலி. பந்து தரையோடு ஷார்ட்ஸ்டாப்பிடம் (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்கும் ஃபீல்டர்) வருகிறது. ஃபர்ஸ்டில் இருந்தவள் செகண்டுக்கு ஓட வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறாள். அங்கே எறிந்து பேஸை மிதித்தால் அவுட். அடித்தவளும் அப்படித்தான், ஃபர்ஸ்டில் மிதித்தால் அவுட். ஆனால் தேர்டில் இருந்தவளை யாரும் தள்ளவில்லை, ஏனென்றால் செகண்ட் காலி. அவள் ஹோமுக்கு ஓடி வந்தால் கேட்ச்சர் பிளேட்டை மிதித்துப் பயனில்லை, ஆளைத் தொட வேண்டும். ஓரத்தில் நிற்கும் அப்பாக்கள் “ஹோமுக்கு எறி!” என்று ஒரே குரலில் கத்துவது இந்த நேரத்தில்தான். எட்டு வயதுக் கேட்ச்சர் பந்தைப் பிடித்துப் பிளேட்டில் நின்று சிரிப்பாள், ஓடி வந்தவள் பக்கத்தில் சறுக்கிக்கொண்டு ரன் எடுத்துவிடுவாள். எளிய அவுட் இருந்தது செகண்டிலோ ஃபர்ஸ்டிலோ.

ஃபோர்ஸ் நடுவில் அறுந்துபோவதும் உண்டு. ஃபர்ஸ்டில் மட்டும் ஆள் இருக்கிறது என்று வையுங்கள். ஃபீல்டர் முதலில் ஃபர்ஸ்ட் பேஸை மிதித்து அடித்தவளை அவுட்டாக்கிவிட்டால், முன்னால் ஓடுபவளைத் தள்ள இனி யாருமில்லை. இப்போது செகண்டில் அவளைத் தொட்டாக வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் அடிக்கடி வருவது ஒரே பேஸில் இரண்டு பேர். செகண்டில் இருந்தவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்பாள், ஃபர்ஸ்டிலிருந்து வந்தவளும் அதே பேஸில் ஏறி நிற்பாள். ஃபோர்ஸ் இல்லாத நேரமாக இருந்தால் அந்த இடம் முன்னால் இருந்தவளுக்குச் சொந்தம். பின்னால் வந்தவளைத் தொட்டால் அவுட். ஃபோர்ஸ் இருக்கும் நேரமென்றால் தலைகீழ், கிளம்பாமல் நின்றவள்தான் மாட்டுவாள். ஃபீல்டர் குழப்பத்தில் இருவரையும் தொட்டுவிடுவது புத்திசாலித்தனம். அம்பயர் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது அவுட் ஃபோர்ஸ் அவுட்டாக இருந்தாலோ, அடித்தவள் ஃபர்ஸ்டை எட்டும் முன் அவுட்டானாலோ, அதே பந்தில் ஹோமைத் தொட்டவளின் ரன் கணக்கில் வராது. ஸ்கோர் எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் இதை மறக்காதீர்கள். பெற்றோரில் யாராவது ஒருவர் தலையில் விழும்.

கேட்ச் பிடிக்கும் நேரம்

பந்து உயரே போனால் பேஸில் இருப்பவள் உடனே ஓடக்கூடாது. கேட்ச் பிடிபட்டால், பந்து கிளவ்வைத் தொட்ட பிறகு பேஸை மிதித்துவிட்டுத்தான் அடுத்ததற்குக் கிளம்பலாம். முன்கூட்டியே ஓடியிருந்தால் திரும்பி வந்து மிதிக்க வேண்டும். அவள் வரும் முன் பந்தோடு அந்தப் பேஸை மிதித்தால் அவளும் அவுட். ஒரே பந்தில் இரண்டு அவுட் போவது 8யூவில் பெரும்பாலும் இப்படித்தான்.

பந்து உயரே போனால் பாதி வழி போய்த் திரும்பிப் பார், தரையோடு போனால் ஓடு. கோச்சுகள் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஏழு வயதுக்கு இதற்கு மேல் தேவையில்லை.

ஓடும்போது இன்னும் சில: தொடவரும் ஃபீல்டரிடமிருந்து தப்ப 3 அடிக்கு மேல் விலகி ஓடினால் அவுட். பந்தை எடுக்கக் குனிந்திருக்கும் ஃபீல்டர் மீது மோதினாலும் அவுட். பந்து கையில் இல்லாத ஃபீல்டர் வழியை மறித்தால் தவறு ஃபீல்டருடையது, அம்பயர் பேஸ் கொடுப்பார். லிட்டில் லீக்கில் 12 வயது வரை, அடுத்த பேஸுக்கு முன்னேறும்போது தலையை முன்னே நீட்டிப் பாய்ந்தால் அவுட். திரும்பி வரும்போது பாயலாம்.

ஆட்டம் எப்போது நிற்கும்?

கிரிக்கெட்டில் ஓவர்த்ரோ போனால் எல்லைவரை ஓடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி விட்டால் ஒவ்வொரு அடியும் ஹோம் ரன் ஆகிவிடும், ஏனென்றால் அவர்கள் எறிவதில் பாதி தவறும். அதனால் தவறிப்போன பந்துக்கு ஒரு பேஸ் மட்டும், அல்லது ஒன்றுமே இல்லை என்று பல லீக்குகள் வரம்பு போடுகின்றன. வீசும் இடத்தைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்திருக்கும். அந்த வட்டத்துக்குள் பந்து பிள்ளையின் கையில் வந்துவிட்டால் ஆட்டம் நின்றது என்பது 8யூவில் வழக்கமான விதி. ஃபீல்டிங்கில் எங்கே எறிவது என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு நல்ல பதில்: வட்டத்துக்கு எறி.

சாமான்கள்

கிளவ் வாங்கும்போது நம்மவர்கள் தடுமாறுவதுண்டு. வலது கையால் எறியும் பிள்ளைக்குக் கிளவ் இடது கையில். கடையில் ஆர்.ஹெச்.டி. என்று ஒட்டியிருந்தால் வலது கையால் எறிபவருக்கு என்று பொருள். போட்டுக்கொள்வது இடது கையில்தான். 8யூவுக்கு 10, 11 அங்குல கிளவ் போதும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பெரிதாக வாங்கினால் அவளால் அதை மூடவே முடியாது.

ஹெல்மெட்டில் முகக் கம்பி இருக்கட்டும். மட்டை சாஃப்ட்பாலுக்கானது என்ற முத்திரையோடு இருக்க வேண்டும். பேஸ்பால் மட்டையை அம்பயர் தள்ளிவைக்கலாம். காலணியின் அடியில் ரப்பர் முள் சரி, உலோக முள் இந்த வயதுக்கு அனுமதியில்லை. கேட்ச்சருக்கு வேண்டிய கவசங்களை லீக்கே தந்துவிடும். இன்ஃபீல்டில் (பேஸ்களை ஒட்டிய உள்மைதானம்) நிற்பவர்கள் முகக் கவசம் போட வேண்டும் என்று கட்டாயமாக்கும் லீக்குகள் பெருகிவருகின்றன. கட்டாயம் இல்லாவிட்டாலும் வாங்கிக் கொடுங்கள்.

லிட்டில் லீக்கில் 12 வயது வரை, அடுத்து அடிக்கப் போகிறவள் வெளியே நின்று மட்டை வீசிப் பார்க்கக்கூடாது. தன் முறை வரும்வரை மட்டையைத் தொடவே கூடாது. “கொஞ்சம் வார்ம் அப் பண்ணு கண்ணு” என்று நீங்கள் வேலிக்கு வெளியிலிருந்து சொன்னால் கோச்சுக்குத்தான் திட்டு விழும்.

அடுத்த பிரிவுக்குப் போகும்போது

8யூ முடிந்து 10யூ போனதும் விதிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். பிள்ளைகளே வீசுவார்கள், வாக் வரும், வீசிய பந்து உடம்பில் பட்டால் ஃபர்ஸ்ட் பேஸ் உண்டு. பேஸ் திருடுவது, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது தொடங்கும். பந்து வீசுபவளின் கையை விட்டுப் போகும் முன் பேஸைவிட்டு நகரக்கூடாது என்பது வேக வீச்சு சாஃப்ட்பாலின் பொது விதி. எத்தனை பேஸ் திருடலாம், ஹோமைத் திருடலாமா என்பதெல்லாம் உள்ளூர்த் தாளில் இருக்கும்.

இன்ஃபீல்ட் ஃப்ளை விதியும் அப்போதுதான் உறைக்கும். ஃபர்ஸ்ட், செகண்ட் இரண்டிலும் (அல்லது மூன்றிலும்) ஆள் இருந்து, அவுட் இரண்டுக்குக் குறைவாக இருக்கும்போது, எளிதில் பிடிக்கக்கூடிய பந்து உள்மைதானத்தில் உயரே போனால், பிடிக்கும் முன்பே அடித்தவள் அவுட் என்று அம்பயர் அறிவித்துவிடுவார். ஃபீல்டர் வேண்டுமென்றே பந்தைக் கீழே விட்டு இரண்டு ஃபோர்ஸ் அவுட் எடுப்பதைத் தடுக்கும் வழி.

மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்ச்சர் பிடிக்காமல் விட்டால் அடித்தவள் ஃபர்ஸ்டுக்கு ஓடலாம் என்ற விதி லிட்டில் லீக்கின் மைனர் பிரிவில் இல்லை, மேஜர் பிரிவில் உண்டு. அவுட்டாகித் தலைகுனிந்து வரும் பிள்ளையைப் பார்த்து கோச் “ஓடு, ஓடு” என்று கத்தினால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. உங்கள் மகள் மேஜருக்கு வந்துவிட்டாள்.